தனியா நடக்க மாட்டேங்குறான்

இழுக்காதம்மா. கையப் புடிச்சு இழுத்தா இன்னும் ரெண்டு பங்கு அழும். விடு. மொதல்ல தலையில கட்டியிருக்குற அந்த மாட்டுக் கொம்பக் கழட்டு. கயிறு நெத்தியில எப்படி அழுத்தியிருக்கு பாரு, செவந்து போச்சு. இப்படி வந்து படியில உக்காரு. கடை பூட்டித்தான் கெடக்கு. இன்னிக்கு இந்தத் தெருவுல எவன் கடை தெறக்கப் போறான், யாரும் எழுந்திருன்னு சொல்ல மாட்டாங்க. என் பையனும் இங்கதான் ரொம்ப நேரமா கல்லுப் புள்ளையார் மாதிரி உக்காந்திருக்கான். ஊர்வலம் எங்கயும் ஓடிடாது. மாடுங்க வந்துக்கிட்டேதான் இருக்கும்.

டேய் நிஸ்சல், நகந்து உக்காரு. பாப்பாவுக்கு எடம் குடு. அந்த ஜூஸ் பாக்கெட்ல ஒண்ண எடுத்து நீட்டு. உனக்குத்தான் மடி நெறைய குடுத்திருக்காங்கல்ல, எல்லாத்தையும் நீயே குடிச்சா வயிறு வெடிச்சிரும். ம். பாத்தியா, வாங்கிக்கிச்சு. நாம பெரியவங்க குடுத்தா வாங்காது. புள்ளைக்குப் புள்ளதான் சரி.

பேரு என்ன? ரிஜாவா. நல்ல பேரு. நாலு முடிஞ்சிருக்குமா? இவனுக்கு ஆறு. மூஞ்சியத் தொடச்சு விடும்மா, அழுது அழுது வரைஞ்ச மீசையெல்லாம் கன்னத்துக்கு வந்திருச்சு. மை டப்பா என்கிட்ட இருக்கு, அப்புறமா வரைஞ்சுக்கலாம். இப்ப வரையாத, இப்பப் போய் மூஞ்சியில கைய வெச்சா மறுபடியும் ஆரம்பிச்சிரும்.

எங்கேர்ந்து வர்ற? பனேபாவா? ம். அங்கயுந்தானே காய் ஜாத்ராவுக்கு, செத்தவங்க பேருல புள்ளைங்க மாட்டு வேஷங்கட்டி நடக்கும், அத விட்டுட்டு காலையில பஸ் புடிச்சு காத்மாண்டுக்கு எதுக்கு... சரி சரி. போனவரு இந்த ஊர்க்காரர்னா இந்த ஊர்லதான் நடக்கணும். நியாயந்தான். யாரு கூட வந்த? தனியாவா? இந்தக் கூட்டத்துல புள்ளைய வெச்சுக்கிட்டா? ஓ, கொழுந்தன் இங்க வந்து நிப்பேன்னு சொன்னாரா. கொழுந்தனுங்க எல்லாம் அப்படித்தாம்மா சொல்வானுங்க. என் கொழுந்தனும் இப்பத்தான் இங்க நின்னுக்கிட்டு இருந்தான். தண்ணி வாங்கிட்டு வரேன் அண்ணின்னு போனவன் இன்னும் வரல. பாக்மதி ஆத்துல போய் மொண்டுக்கிட்டு வர்றானோ என்னவோ.

நீயும் வெள்ளை, நானும் வெள்ளை. இன்னிக்கு இந்த வீதியில கலர் சேலை கட்டுனவதான் வேத்து ஆளு மாதிரி தெரியுறா, இல்ல? போன வருஷம் இதே நாள்ல நான் எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு மத்தவங்க புள்ளைங்களுக்கு வாழப்பழம் குடுத்துக்கிட்டு இருந்தேன். பச்சை வளையல் போட்டுக்கிட்டு. இந்த வருஷம் எம்புள்ளைக்கு மத்தவங்க குடுக்குறாங்க.

இல்லம்மா, பயப்படாத. உன் பொண்ணு நடக்கும். நான் சொல்றேன் கேளு. இவன எப்படி இது வரைக்கும் கொண்டாந்தேன்னு எனக்குத்தான் தெரியும். ஒரு மாசப் போராட்டம். எங்க மாமியார் என்ன செஞ்சா தெரியுமா? மழை ஆரம்பிச்சதுமே இவன மடியில உக்கார வெச்சு, உங்கப்பன் ஆத்தங்கரையில நின்னுக்கிட்டு இருக்கான்டா, நீ மாடாட்டம் வேஷங்கட்டி ஊரச் சுத்துனாத்தான் உன் வால்ல தொத்திக்கிட்டு அந்தப் பக்கம் போவான், நீ நடக்கலேன்னா அங்கயே நனைஞ்சுக்கிட்டு நிப்பான்னு சொல்லிட்டா. நம்ம வழக்கந்தான், நான் இல்லேங்கல. அதுக்காக? ஆறு வயசுப் புள்ள தலையில தூக்கி வெக்கிற பாரமா அது? அன்னிக்கு ராத்திரிலேர்ந்து இவன் படுக்கைய நனைக்க ஆரம்பிச்சுட்டான். மழை பெஞ்சாப் போதும், ஜன்னல்கிட்ட போய் நின்னுக்குவான். அம்மா, அப்பா நனைவாராம்மா, கொடை எடுத்துட்டுப் போனாரான்னு கேப்பான்.

அப்புறம் அந்தக் கொம்பு. கொழுந்தன்தான் வாங்கிட்டு வந்தான். காகிதத்துல மாட்டு மூஞ்சி, சரிகை, மேல சாமி படம், ரெண்டு பக்கமும் கொம்பு. கழுத்துல தொங்க விட அவரு படம் வேற. வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சதும் இவன் வீல்னு கத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போய்ட்டான். என்னடான்னு கேட்டா, அத மாட்டுனா நான் மாடாயிருவேன், மறுபடி புள்ளையா மாற முடியாதுங்குறான். சிரிக்காத, அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல? அப்பா ஒரு நாள் பையத் தூக்கிட்டுப் போனாரு, அப்புறம் படமாத்தான் மாறி வந்தாரு. மாறினவங்க திரும்ப மாற மாட்டாங்கன்னு அவன் கண்ணால பாத்துட்டான்ல.

மாமியார் சொல்றா, நாலு தட்டு தட்டிக் கட்டி விடு, எல்லாப் புள்ளையும் அழுதுக்கிட்டே நடக்குறதுதான். நான் சொன்னேன், எம்புள்ளைய எவளாவது தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன். இல்ல, என் வாய் கொஞ்சம் அப்படித்தான். எங்க வீட்ல பித்தளை செம்புப் பாத்திர யாவாரம், நாள் பூரா டங்கு டங்குன்னு சத்தம். மெதுவாப் பேசி எனக்குப் பழக்கமில்ல.

கொம்பக் கொண்டு போய் அடுப்படியில மாட்டுனேன். அரிசி டப்பாவுக்கு மேல. தெனம் சாப்பிடுறப்போ மாட்டுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். ரெண்டு நாள் பாத்தான், மூணாவது நாள் அவனே ஒரு உருண்டைய எடுத்து மாட்டு வாயில அப்பிட்டான். காகிதம் ஊறிப் போச்சு. கொழுந்தன் குதிச்சான். குதிடான்னு விட்டுட்டேன். அப்புறம் ஒரு நாள் அத நானே மாட்டிக்கிட்டேன். வெள்ளைச் சேலையோட, தலையில கொம்போட, அடுப்படியில நின்னு அம்மான்னு மாடு மாதிரிக் கத்துனேன். இவன் மையை எடுத்து எனக்கு மீசை வரைஞ்சான். சிரிச்சான்மா. அப்பா போனதுக்கு அப்புறம் எம்புள்ள அன்னிக்குத்தான் சிரிச்சான். அதே நேரம் பாத்து மாமியார் உள்ள வந்துட்டா. தாலியறுத்தவ போடுற ஆட்டத்தப் பாருன்னு சொன்னா. சொல்லிட்டுப் போறா.

கழட்டிக் காமிச்சேன். பாருடா, அம்மா அம்மாவாத்தானே இருக்கேன்? தொட்டுப் பாத்தான். மோந்துகூடப் பாத்தான். அதுக்கப்புறம் கொம்பு பயம் போச்சு. மொட்டை மாடியில எவர்சில்வர் தட்டத் தட்டி நடக்கப் பழக்குனேன், மேளச் சத்தம் பழகணும்ல. லீவு நாள்ல இதே வழியில கூட்டிட்டு வந்தேன். இங்க புறா இருக்கும், இங்க உனக்குத் தயிர் குடுப்பாங்க, இங்க கால் வலிச்சா உக்காந்துக்கலாம்னு ஒண்ணொண்ணாக் காமிச்சேன். எதப் பாத்தா பயப்படுமோ அத முன்னாடியே காமிச்சுரணும். புள்ளைங்கள ஏமாத்தி மட்டும் கூட்டிட்டுப் போகக் கூடாது. ஒரு தடவ ஏமாந்துச்சுன்னா அப்புறம் நீ தங்கத்துல கொம்பு செஞ்சு குடுத்தாலும் நம்பாது. பெரியவங்களும் அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்.

எல்லாம் சரியாத்தான் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் வரல. தனியா நடக்க மாட்டேன்னுட்டான். போன வருஷம் ஜன்னல்லேர்ந்து பாத்திருக்கான்ல, எதுத்த வீட்டுல அண்ணன் தம்பி மூணு பேரு வரிசையாப் போனாங்க. எல்லா வீட்லயும் ரெண்டு மாடு, மூணு மாடு, நான் மட்டும் ஒத்தை மாடா, எல்லாரும் என்னையே பாப்பாங்கன்னு அழுவுறான். கொழுந்தன் பொண்டாட்டிகிட்ட கேட்டேன், உன் பையனக் கொஞ்சம் கூட அனுப்பேன்னு. எம் புருஷன் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காரு, எம்புள்ள எதுக்குக் கொம்பு கட்டணும்னு கேட்டுட்டா. மாமியார் சொல்றா, கூலிக்கு ஒரு பையனப் புடிச்சுக்கலாம், அவன் நடக்கட்டும், இவன் வீட்லயே இருக்கட்டும். நான் ஒத்துக்கல. பெத்த புள்ள இருக்குறப்போ கூலிக்கு ஒருத்தன் நடக்குறதா? இவன் என்கிட்ட வந்து, அம்மா, அதுக்குள்ள எனக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வாங்கிட்டு வந்துருங்குறான். கடையில விக்கிறாப்ல.

எதுக்கு இவ்வளவு புடிவாதம்னு கேக்குறியா? நல்லாக் கேட்ட. சொல்றேன். அவரு சாகுறப்போ நான் பக்கத்துல இல்லம்மா. ஹேடௌடாவுக்கு சரக்கு குடுக்கப் போறேன்னு கெளம்புனாரு. அவர் பொழப்பு அப்படி, மாசத்துல பாதி நாள் ஊர் ஊரா அலைச்சல். நான்தான் பை கட்டிக் குடுத்தேன். கம்பளிச் சட்டை, மாத்திரை, அவலு, எல்லாம். மறுநாள் கொழுந்தன் வந்து நிக்கிறான், அண்ணனுக்கு நெஞ்சு வலி, போய்ட்டாருன்னு. ஒரு வாய் தண்ணி ஊத்தக்கூட ஆள் இல்லாம எங்கயோ கெடந்து போயிட்டாரேன்னு நான் அழுத அழுகை இருக்கே, எங்க தெருவே சொல்லும். இத்தன மாசமா நான் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தாக்கூட, ஐயோ அந்த மனுஷன் தொண்டை காஞ்சு போச்சேன்னு செம்ப அப்படியே வெச்சிருவேன். சாகுறப்போதான் நான் இல்ல, இந்தக் காரியத்தையாவது பெத்த புள்ள கையால முழுசா முடிக்கணும்னு நெனச்சேன். இவன் ஊரச் சுத்தி வந்து வீட்டு வாசல்ல கொம்பக் கழட்டிட்டா, எனக்கு நெஞ்சு ஆறும்னு இருந்தேன்.

அந்தத் தயிர வாங்கிக்கோம்மா, குடுக்குறாங்க பாரு. உனக்கு இல்ல, பாப்பாவுக்கு. நம்ம புள்ளைக்குக் குடுக்குறவங்கள வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஊட்டி விடு. ம், சாப்புடுது.

இன்னிக்குக் காலையில என்ன கூத்துங்குற. கொழுந்தன் விடியறதுக்குள்ள வந்து கதவத் தட்டுறான். அண்ணி, சீக்கிரம், சீக்கிரம், மத்தவங்க கெளம்புறதுக்கு முன்னாடி நாம முடிச்சிரணும். எதுக்குடா இவ்வளவு அவசரம், ஊரே மத்தியானம் வரைக்கும் நடக்கப் போவுதுன்னா, வெயில் ஏறிடும்ங்குறான். ஆவணி மழை கொட்டிக்கிட்டு இருக்கு, வெயிலாம். மாமியாரும் கூடச் சேந்துக்கிட்டு வெரட்டுறா. புரோகிதர் வந்து மந்திரம் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள மேளக்காரன வாசல்ல நிறுத்திட்டாங்க. புள்ள பாவம், வாயில போட்டத முழுங்கல. நான் அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கல. நம்ம புள்ள மேல பாசத்துல பறக்குறாங்கன்னு நெனச்சேன்.

அசன் முக்குக்கு வந்ததும் இவன் நின்னுட்டான். முன்னாடி ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுக்கிட்டே போச்சுங்க, அக்கா தங்கச்சி. பின்னாடி ஒரு கூட்டமே வருது. இவன் சுத்துமுத்தும் பாத்தான், ஒக்காந்தான், அவ்வளவுதான். அழுகைன்னா அழுகை. கொழுந்தன் பாஞ்சு வந்து இவன அலேக்காத் தோள்ல தூக்கிட்டான். நான் தூக்கிட்டே ஓடிர்றேன் அண்ணி, நீங்க பின்னாடியே வாங்கங்குறான். இவன் கால உதைச்சு அலர்றான். எறக்குடான்னேன். எறக்க மாட்டேங்குறான். நடு வீதியில, புரோகிதர் பாக்க, மேளக்காரன் பாக்க, கொழுந்தன் சட்டையப் புடிச்சு எறக்க வெச்சேன். என் புள்ள எப்ப எழுந்து நடக்குறானோ அப்ப நடப்பான், அது வரைக்கும் எவ்வளவு நேரம் ஆனாலும் நான் இந்தப் படியிலதான் இருப்பேன்னு உக்காந்துட்டேன். கொழுந்தன் மூஞ்சி வெளிறிப் போச்சு. கடியாரத்தப் பாக்குறான், முக்கப் பாக்குறான், மறுபடி கடியாரத்தப் பாக்குறான். அண்ணி, தயவு பண்ணி கெளம்புங்க, உங்க கால்ல விழறேங்குறான். எதுக்குடா விழுறன்னா, கெளம்புங்க கெளம்புங்கங்குறான். புரோகிதர் டீ குடிக்கப் போயிட்டாரு, மேளக்காரங்களும் பின்னாடியே போயிட்டாங்க. அப்படி உக்காந்ததுனாலதாம்மா உன்னப் பாக்குற பாக்கியம் கெடச்சுது. இவன் மட்டும் அழாம நடந்திருந்தா நான் இந்நேரம் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வெச்சிருப்பேன்.

உன்ன இந்த நேரத்துக்கு வரச் சொன்னது யாரு? உன் கொழுந்தன்தானா? சீக்கிரம் வராத, கொஞ்சம் லேட்டாவே வான்னு சொன்னாரா? அதானே. கெட்டிக்காரன். ஒரே ஆளு எத்தன வீட்டு வேலையத்தான் பாப்பான்.

என்னம்மா, மூஞ்சி ஏன் அப்படிப் போவுது? தண்ணி வேணுமா?

நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் பாரு. எங்க ஆளு செத்தது ஹேடௌடாவுல இல்ல. உடம்பு பனேபாவுலேர்ந்துதான் வந்துச்சு. ஹேடௌடாவுக்குப் போறேன்னு தெற்க கெளம்புன மனுஷன் கெழக்க எதுக்குப் போனாருன்னு நான் கேட்டேன். அங்க ஒரு சிநேகிதன் வீடு இருக்கு, எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு போயிருப்பான்னு மாமியார் சொன்னா. கண்ணுல தண்ணியோட சொன்னா. நம்புனேன். பெத்தவ பொய் சொல்வாளா, அதுவும் மகன் பொணத்தப் பக்கத்துல வெச்சுக்கிட்டு? அவ மாசாமாசம் பலாஞ்சோக் பகவதி கோயிலுக்குப் போவா. பனேபா தாண்டித்தான் போகணும். போறப்போ பையில சின்னச் சின்ன கவுனு, பொம்மை, பிஸ்கட்டு. எதுக்கு அத்தைன்னா, கோயில் வாசல்ல ஏழைப் புள்ளைங்களுக்குன்னுவா. நானே நாலஞ்சு தடவ தெச்சுக் குடுத்திருக்கேன். பூப்போட்ட கவுனு ஒண்ணு, முன்னாடி ரெண்டு பொத்தான் வெச்சு, கையில லேசு... தெரியுமா உனக்கு? தெரியும்ல. ம்.

எழுந்திருக்காத. உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. புள்ள தயிர் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு, பாதியில தூக்காத. நான் அடிக்க மாட்டேன். அடிக்கணும்னு நெனச்சிருந்தா நீ முக்குல வர்றப்பவே அடிச்சிருப்பேன், கையில பூசைச் செம்பு வேற இருந்துச்சு.

உன் பொண்ணு கழுத்துல மாட்டியிருக்குற அவரு படம் எங்க எடுத்தது தெரியுமா? ஸ்வயம்பூ கோயில்ல. எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. நாங்க ரெண்டு பேரும் சேந்து நின்ன படம் அது. எங்கம்மா வீட்ல குடுத்த சால்வையப் போத்திக்கிட்டு நான் பக்கத்துல நிக்கிறேன். படத்துல, அவர் கை ஓரமா, பச்சையா கொஞ்சம் துணி தெரியுது பாரு. அது நான்தான். வெட்டுனவன் சரியா வெட்டல. என் பையன் கழுத்துலயும் அதேதான் தொங்குது. நீ பக்கத்துல வர்றதுக்குள்ள நான் அத முதுகுப் பக்கம் திருப்பி விட்டுட்டேன். படத்துக்குக் கீழ எழுதியிருக்குற பேரு, புஷ்கர்மான் தாம்ராகார். வீடு நரதேவித் தெரு. சரிதானே?

என்னப் பத்தி என்ன சொன்னாரு உன்கிட்ட? கல்யாணமே ஆகலேன்னா? அது கூடப் பரவால்ல. இல்லையா? பின்ன? சத்தமாச் சொல்லு, மேளத்துல கேக்கல... ஓ. உன்னக் கட்டிக்க நான் சம்மதிச்சேனா? நானே சந்தோஷமா அனுப்பி வெச்சேனா? பாவி மனுஷா! எம்புள்ள அப்பத் தவழ்ந்துக்கிட்டு இருந்தான், நான் அவருக்குப் பை கட்டிக்கிட்டு இருந்தேன். ஆமா, அனுப்பித்தான் வெச்சேன். மாத்திரை, அவலு எல்லாம் குடுத்து நல்லாத்தான் அனுப்பி வெச்சேன்.

நீ அழாத. நீ அழுதா அந்தப் புள்ளயும் ஆரம்பிக்கும். உன் மேல எனக்குக் கோவம் இல்லேன்னு சொல்ல மாட்டேன், இருக்கு, நெறைய இருக்கு. ஆனா உன்ன நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். நீ எனக்கு எதுவும் சத்தியம் பண்ணிக் குடுக்கல. அந்த வீட்ல இருக்குறவங்க? தெனம் நான் சோறு போட்டவங்கம்மா. மாமியார் கால்வலிக்கு நான்தான் எண்ணெய் தேச்சு விடுவேன். நான் மாரடிச்சு அழறப்போ அவளும் கூட உக்காந்து, ஐயோ எம்புள்ளைக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்லையேன்னு ஒப்பாரி வெச்சா. தெரிஞ்சுக்கிட்டே வெச்சிருக்கா பாரு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன், இவங்க அந்தச் சோத்த எனக்கே ஊட்டி விட்டிருக்காங்க. நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்களேம்மா. கெழவிக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும், அவன் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சிருக்கும், எதுத்த வீட்டுக்காரிக்குக் கூடத் தெரிஞ்சிருக்குமோ என்னவோ. இன்னிக்குக் காலையில நேரம் பிரிச்சுக் குடுத்திருக்காங்க பாரேன், நமக்கு. எனக்கு விடியக்காலை, உனக்கு அப்புறம். ஒரே கொழாயில தண்ணி புடிக்க முறை வெக்கிற மாதிரி.

ஒண்ணு மட்டும் கேக்குறேன். தலைய ஆட்டாத, வாயத் தெறந்து சொல்லு. கடைசியில தண்ணி ஊத்துனியா?

குடிச்சாரா?

சரி.

சரி விடு. இத்தன மாசம் நான் பட்டது பட்டதுதான்.

மேளக்காரங்க வர்றாங்க. புரோகிதரும் வர்றாரு பாரு, வாயில வெத்தலையோட. கொழுந்தன் வர மாட்டான், அவன நான் வீட்ல போய்ப் பாத்துக்குறேன். கெழவியையும். நீ கொம்ப எடு, கயித்த லூசாக் கட்டு, நெத்தியில ஒரு துணி வெச்சுக் கட்டு, அப்பத்தான் உறுத்தாது. இந்தா மை, மீசையச் சரி பண்ணு. நீ அந்தப் பக்கம் ஓரமா வா, நான் இந்தப் பக்கம் வரேன். என்கிட்ட பேசாத. வீட்டு வாசல் வரைக்கும் வந்து திரும்பிடு, உள்ள வராத. புள்ள வேணும்னா வரட்டும், பாயசம் குடுத்து அனுப்புறேன்.

என்ன பாக்குற? ஆமா, ரெண்டும் கையக் கோத்துக்கிட்டு நிக்குது. உன்ன மொதல்ல பாத்தது நான் இல்லம்மா, இவன்தான் பாத்தான். அழுதுக்கிட்டே இருந்தவன் டக்குனு நிறுத்திட்டான். அம்மா, அந்தப் பாப்பா நம்ம அப்பாவ மாட்டியிருக்குன்னான். நான் கொழுந்தன் மூஞ்சியப் பாக்குறேன், அவன் தண்ணி வாங்கிட்டு வரேன்னு நழுவுறான். இவன் என் சேலையப் புடிச்சு இழுக்குறான். கண்ணுல இன்னும் தண்ணி காயல, சிரிக்கிறான்மா. அந்தப் பாப்பாவும் அப்பாவுக்குத்தானே மாடு, அப்ப நான் தனியா நடக்க வேண்டாம்லம்மான்னு கேக்குறான். ஒரு மாசம் நான் தலைகீழா நின்னு பாத்தும் வராத சிரிப்பு. நான் என்னத்தச் சொல்ல? ஆமாண்டா, நீ தனியா இல்லடான்னு சொல்லிட்டேன்.